தலையில் தட்டிக் குடித்த டீ

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள். அவள் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும். நாக்கின் இடது ஓரத்தில் புண் வந்தபோது, கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் இரும்பு ஆலையின் கேன்டீன் சாம்பாரைத்தான் திட்டினேன். பிறகு கடைவாய்ப் பல்லைச் சந்தேகப்பட்டு, அதைப் பிடுங்கியும் போட்டேன். அதே கன்னத்தில் வருடக் கணக்கில் அடக்கி வைத்திருந்த மாவாப் புகையிலையின் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. புண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று அதை வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டேன். அவ்வளவு அறிவு.

புண் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு சென்னையில் ஆபரேஷன் நடந்தது. நாக்கில் பாதியை எடுத்துவிட்டு, இடது முன்கைத் தோலை ரத்தக் குழாயோடு வெட்டி வந்து அங்கே தைத்தார்கள். கையில் விழுந்த பள்ளத்துக்குத் தொடையிலிருந்து தோல் வந்தது. என் உடம்புக்குள்ளேயே ஆளாளுக்கு டிரான்ஸ்ஃபர். கண் விழித்ததும் ஒரு காகிதத்தில் எழுதி மனைவியிடம் காட்டினேன்: "இனிமேல் நான் யாரையாவது திட்டினால், கை நீட்டினேன் என்று கேஸ் போடுவார்கள்." அவள் சிரிக்கவில்லை.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. 'ழ' மட்டும் இனி சரியாக வராது என்று டாக்டர் வருத்தப்பட்டார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வாயப்பயம் தின்று வளர்ந்தவர்கள்தான், எனக்கு நஷ்டமில்லை என்றேன்.

விழுங்குவதுதான் பேஜாராகிவிட்டது. தண்ணீர் உணவுக் குழாய்க்குப் போகாமல் மூச்சுக் குழாய்க்குள் நுழைந்தது. மூக்கில் செருகிய குழாய் வழியே மனைவி ஊற்றும் கஞ்சிதான் சாப்பாடு. வயிறு நிறையும், வாய்க்கு அந்தத் தகவலே வராது. விழுங்குவதை எக்ஸ்ரேயில் பார்க்கும் பரிசோதனை ஒன்று பாக்கி இருந்தது. அதிலும் நுரையீரல் பக்கம் ஒழுகினால் வயிற்றில் ஓட்டை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைத்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். அப்புறம் ஆயுசு முழுக்க டீகூட வயிற்றுக்கு நேராகத்தான் போகும். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

விழுங்கப் பயிற்சி தர ஒரு இளம்பெண் இருந்தார். தாடையை நெஞ்சோடு சேர்க்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டும், விழுங்கியதும் செரும வேண்டும். கூழாக இருந்தால் சுலபம். தண்ணீராக ஓடுவதுதான் கஷ்டம். எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் தண்ணீர் வாய்க்குள் போனதும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லத் தோன்றும், தலை நிமிர்ந்துவிடும். உடனே புரை ஏறும்.

எல்லார் வீட்டிலும் செய்வதைத்தான் என் மனைவியும் செய்தாள். பயிற்சி அறையிலேயே என் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனச்சிக்கிறாங்க" என்றாள்.

"யாரும் நெனைக்கலக்கா. தண்ணி நுரையீரலுக்குப் போவுது," என்றார் அந்தப் பெண்.

மனைவி கையை எடுக்கவில்லை. அவள் தட்டியதில் என் தலை குனிந்து தாடை நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. அதைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ ஏறதுக்கு முன்னாடியே தட்டிர்றேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் ஒரு தட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், பொண்டாட்டி அடிக்கிறாள் என்று நினைத்துச் சமாதானம் பேச வந்தார். நான் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்குத் தனியாக ஒரு தட்டு விழுந்தது.

பரிசோதனை அன்று எக்ஸ்ரே அறைக்குள் அவளை விடவில்லை. சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். வாயில் ஊற்றிக்கொண்டு, என் தலையில் நானே தட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மைக்கில், "இன்னா சார், தலைல அடிச்சிக்கினு?" என்று கேட்டார். அருமையான பதில் ஒன்று நாக்குவரை வந்தது, புதுப் பாதி பழைய பாதி இரண்டுக்கும். அதையும் சேர்த்து விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விழுங்கிய முதல் ஜோக் அதுதான்.

திரையில் கோடு சரியான வழியில் நேராக இறங்கியதாம். அன்றே மூக்குக் குழாயை உருவிவிட்டார்கள்.

மின்சார ரயிலில் ஊர் வந்து இறங்கியதும் ஸ்டேஷன் வாசல் கடையில் டீ சொன்னேன். மனைவிக்கு ஒரு கையில் பை, ஒரு கையில் டம்ளர். தட்டக் கை இல்லை. நானே குனிந்தேன், விழுங்கினேன், செருமினேன். பழைய பாதிக்குச் சூடும் சர்க்கரையும் தெரிந்தன. கைப்பாதி ஒன்றும் தெரியாமல் கூடவே வேலை செய்தது. பாதி டம்ளர் இறங்கியும் ஒரு இருமல் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, புரையே ஏறல. என்ன ஒருத்தரும் நெனைக்கல போலக்குது," என்றேன் அவளிடம்.

"நெனச்ச வரிக்கும் போதும், குடி."