சாமி படத்துக்குப் பின்னால் வைத்த மாத்திரை

செல்லப்பன் வாயைத் திறந்தால் எங்கள் தெருவில் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். எப்படியும் கேட்காது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடுமேன் வேலை. கல் விழும் சத்தத்தில் கத்திக் கத்தியே பழகிய தொண்டை. ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் சரி, தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சரி, முதல் ஆளாகப் போய்ச் சண்டை போடுவான். தப்பு என்றால் தட்டிக் கேட்கிற ஆள் என்று ஊருக்கும் ஒரு மதிப்பு, அவனுக்கும் தன்மேல் கொஞ்சம் கூடுதலாகவே பெருமை.

தொண்ணூற்றெட்டில் அவனுக்கு முதல் பையன் பிறந்தான். அறிவரசன் என்று பெயர் வைத்தான். என் மகளும் அந்தச் சமயத்தில்தான் பிறந்தாள். அதனால் பால்வாடியில் தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் அவன் பெண்டாட்டி ஜோதியும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்போம்.

முதல் ஊசி அன்று நர்சம்மா ஜெயலட்சுமி நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார். "இது முத்தடுப்பு ஊசி. கக்குவான், தொண்டை அடைப்பான், ரணஜன்னி மூணுக்கும் சேத்து. போட்டதும் கிளம்பிடாதீங்க, அரை மணி நேரம் இங்கயே உக்காருங்க. சாயங்காலம் புள்ளைக்கு ஒடம்பு சுடும், தொடை வீங்கும். பயப்படாதீங்க, தானா வடிஞ்சிடும். எண்ணெ போட்டு நீவுற வேலையெல்லாம் வேணாம். சுட்டுச்சுன்னா கால் மாத்திரைய தாய்ப்பால்ல கரைச்சு ஊத்துங்க."

ஆளுக்கு இரண்டு காய்ச்சல் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ஜோதி அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய், வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். எங்கள் பக்கத்து வீடுகளில் மாத்திரைக்கு அதுதான் இடம். தலைவலிக்கு வாங்கினதும் அங்கேதான் இருக்கும், திருநீற்றுப் பொட்டலமும் அங்கேதான் இருக்கும்.

மத்தியானம் லோடு இறக்கிவிட்டு செல்லப்பன் வந்தான். இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலி. ஜோதி பிள்ளையோடு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்புவானேன் என்று அவனே படத்துக்குப் பின்னால் கையை விட்டான். மாத்திரை இருந்தது. அம்மா வாங்கி வைத்ததாக இருக்கும் என்று இரண்டையும் போட்டுத் தண்ணீர் குடித்தான். காகிதத்தைச் சுருட்டிக் காது குடைந்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே எறிந்தான். வலி கேட்டது. அதோடு மறந்தும் போனான்.

சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. ஜோதி படத்துக்குப் பின்னால் தேடினாள், பாய்க்கு அடியில் தேடினாள், முந்தானையை உதறிப் பார்த்தாள். வழியிலேயே விழுந்துவிட்டதோ என்று நினைத்தாள். மாமியார் பொன்னாயியிடமும் புருஷனிடமும் சொல்லப் பயம். ஈரத்துணி போட்டே விடியவைத்தாள்.

காலையில் பையனின் தொடை கல்லாய் வீங்கியிருந்தது. செல்லப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நர்சம்மா வீட்டு வாசலுக்குப் போனான். ஜோதியும் பொன்னாயியும் பின்னாலேயே போக, நாங்களெல்லாம் குழாயடியிலிருந்து குடத்தோடு ஓடினோம்.

"என்னா மருந்தும்மா போட்டீங்க? கெட்டுப்போன மருந்தா? எங்க தெருப் புள்ளைன்னா எத வேணும்னாலும் போடுவீங்களா?"

கூட்டத்தில் இரண்டு பேர், அடுத்த ஊசிக்கு எங்கள் பிள்ளையைக் கொண்டுவர மாட்டோம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். நர்சம்மாவுக்கு முகம் வெளிறிப்போனது. பிள்ளையை வாங்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் வரும்னு நேத்தே சொன்னேனே. மாத்திரை குடுத்தியா ஜோதி?"

ஜோதி தலையைக் குனிந்தாள். "சாமி படத்துக்குப் பின்னாலதான் வச்சேங்க. காணோம். எங்க போட்டேன்னு தெரியல."

செல்லப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் வரைக்கும் வந்த சத்தம் அப்படியே உள்ளே போய்விட்டது. சொல்ல வேண்டியது ஒரே வரி. சுற்றிலும் தெருவே நிற்கிறது. இப்போதுதான் ஒரு பொம்பளையை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறான். அந்த வரி அவன் வாயில் வரவில்லை.

அவன் சும்மா நின்றதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டோம். பொன்னாயி மருமகளைப் பிடிபிடியென்று பிடித்தாள். "ஒரு மாத்திரைய பத்திரமா வைக்கத் தெரியல, ஒனக்கெல்லாம் எதுக்கு புள்ள?" நாங்களும் ஆளுக்கொன்று சொன்னோம். நர்சம்மா வேறு மாத்திரை எடுத்துக் கொடுத்தார், மத்தியானத்துக்குள் பையன் சிரித்தான். ஆனால் ஜோதிக்கு மாத்திரையைத் தொலைத்தவள் என்கிற பேர் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பிடிக்கப் போனாலும் ஏச்சு, கடைக்குப் போனாலும் ஏச்சு. செல்லப்பன் வாயே திறக்கவில்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தபோதுகூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தான் என்றால் பாருங்கள். சோற்றில் கை வைத்தால் எதிரே ஜோதி உட்கார்ந்திருப்பாள். நிமிர்ந்து பார்க்க அவனுக்குக் கூசும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பான், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவான்.

ஒரு மாதம் கழித்து அடுத்த ஊசிக்கான புதன்கிழமை வந்தது. ஜோதி கிளம்பவில்லை.

"நான் போவல. அவளுங்க மூஞ்சில முழிக்க முடியாது. அத்தையத் தூக்கிட்டுப் போவச் சொல்லுங்க."

"ரெண்டாவது ஊசி போடாம விட்டா மொத ஊசி போட்டதும் வீணுன்னு சொன்னாங்கல்ல."

"போனா போவுது."

அந்த வார்த்தையில்தான் அவன் பயந்தான். தான் சொல்லாமல் விட்டது பிள்ளையின் உடம்பு வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு லோடுக்குப் போகாமல், "வா, நானும் வரேன்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டான்.

பால்வாடியில் ஒரே ஆம்பளை அவன்தான். பையனைத் தராசுத் தூளியில் போட்டு எடை பார்த்தார்கள், வாயில் சொட்டு மருந்து விட்டார்கள். ஊசி போடும்போது காலை அவனைத்தான் பிடிக்கச் சொன்னார் நர்சம்மா. மூட்டை கணக்காகக் கல் தூக்குகிறவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பையன் வீறிட்டான், ஜோதி வாங்கிப் பால் கொடுத்ததும் அடங்கினான்.

நர்சம்மா மாத்திரையை மடித்து ஜோதியிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட வேணாங்க நர்சம்மா, தொலைச்சிடுவேன். அவங்ககிட்ட குடுங்க. பத்திரமா வச்சிருப்பாங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள். அது அவனுக்கும் தெரிந்தது. மாத்திரைப் பொட்டலம் உள்ளங்கைக்கு வந்ததும் செல்லப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவ தொலைக்கல," என்றான். சத்தமே இல்லை. பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "அன்னிக்கி அந்த மாத்திரைய நாந்தான் முழுங்கினேன். இடுப்பு வலின்னு. புள்ளையோடதுன்னு தெரியாது. தெரிஞ்ச பின்னாடியும் சொல்லல. நர்சம்மா, நீங்க என்ன மன்னிக்கணும்."

திட்டுவார்கள், நர்சம்மா ரெண்டு வார்த்தை கேட்பார் என்று தலைகுனிந்து நின்றான். யாரோ களுக்கென்றார்கள், பால்வாடியே சிரித்தது. "பச்சப்புள்ள மாத்திரைய அப்பன் தின்னுட்டானாம்டி!" நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். நர்சம்மாவே சிரிப்பை அடக்க முடியாமல், "இடுப்பு வலிச்சா கேட்டு வாங்கிக்கய்யா" என்றார். அடுத்த ஊசிக்கு வர மாட்டோம் என்றவர்கள்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சிரித்தார்கள். செல்லப்பனுக்கும் வாய் கோணிச் சிரிப்பு வந்தது. விஷயம் இவ்வளவுதானா என்று ஜோதியைப் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, செருப்பை மாட்டினாள்.

"நான் தொலைச்சேன்னு சொன்னப்ப ஒருத்தரும் சிரிக்கலையே," என்றாள்.