கரையில் வைத்த கண்ணாடி

விடுமுறைக்கு வெளிநாடு போகிறேன் என்று மருத்துவக் கல்லூரி விடுதியில் சொன்னபோது, லண்டனா என்று கேட்டார்கள். காரைக்கால் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேரளத்தில் ரயில் மாறி ஏறினால் சுங்க அதிகாரி வந்து பெட்டியைக் கிளறுவார், இறங்குகிற ஊரில் பிரெஞ்சுக் கொடி பறக்கும், போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கும், வெளிநாடு என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வாதாடினேன். வாதத்தில் நான் தோற்பதில்லை. அதுவும் அந்தத் தடவை நான் போனது கடலுக்கு அடியில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்காக. லண்டன் போனவர்கள் எத்தனை பேர் அதைச் செய்திருப்பார்கள்?

என் அக்காவைக் காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தானுக்கு சைகோன் துறைமுகத்தில் வேலை. நீருக்குள் இறங்கிக் கப்பல்களின் அடிப்பாகத்தைப் பார்த்துச் சொல்வார். நீண்ட விடுப்பில் வந்தபோது, முதுகில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றையும் காற்று அடைத்த ஆறு சிலிண்டர்களையும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். தீர்ந்தால் மறுபடி அடைப்பதற்கு அந்தப் பக்கத்தில் எங்கும் வழியில்லை. “மூணு எனக்கு, மூணு உனக்கு. அதோட சரி” என்றார். ஒரு சிலிண்டர் ஏறக்குறைய அரை மணி நேரம் வரும். என் விடுமுறை மொத்தமும் ஒன்றரை மணி நேரக் காற்று.

அத்தானின் பழைய கால்சட்டையையும் முழுக்கைச் சட்டையையும் நான் மாட்டிக்கொண்டதைப் பார்த்து அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “ஊரு சிரிக்கப் போவுதுடி” என்றாள். ஊர் சிரித்தது. இரண்டாம் நாளே சிரித்துச் சலித்துப் போய்விட்டது.

நாங்கள் இறங்கியது பக்கத்தில் கோட்டுச்சேரிமேடு என்ற மீனவக் குப்பத்தில். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலுக்கு அடியில் பாறைத் திட்டு ஒன்று உண்டு. மீனவர்கள் அதைப் பார் என்பார்கள். காலையில் மீன் பிடித்துத் திரும்பிய கட்டுமரம் ஒன்றிலேயே எங்களை அங்கே கூட்டிப்போனார் ஒருவர். அவரை நான் அண்ணே என்றேன், அவர் மனைவியை அண்ணி என்றேன். அண்ணிக்கு என் வயதுதான் இருக்கும். கடலை ஒட்டி அவர்கள் குடிசை. அங்கேதான் உடை மாற்றிக்கொள்வேன், திரும்பி வந்ததும் அங்கேதான் சாப்பாடு. அண்ணி தன் மூன்று வயது மகளுக்கு மீன் ஊட்டும்போது துண்டை மூக்கருகே கொண்டுபோய் ஒவ்வொரு முள்ளாக எடுப்பாள். எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் குழந்தையோ என்னை விடாது. “ஒங்க கண்ணு கண்ணாடியா? கழுவி வைக்கிறீங்களா?” என்று ஆயிரம் கேள்வி.

என் கண்ணாடி அப்போதே மைனஸ் ஆறு. விடுதியில் என் பெயரே சோடாப்புட்டிதான். கடலில் இறங்கும்போது அதைக் கழற்றித் துண்டில் சுற்றி, கரையில் கிடக்கும் பழைய கட்டுமரம் ஒன்றின் மேல் வைத்துவிட்டுப் போவேன். கண்ணாடி இல்லாமல் கடலுக்குள் என்ன தெரிந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கலங்கல் தண்ணீரில் யாருக்கும் ஒரு முழத்துக்கு மேல் தெரியாது. அங்கே அத்தானும் நானும் ஒன்றுதான். எனக்கு அதில் பரம திருப்தி.

அண்ணன் வாய் ஓயாதவர். கரைக்கு வரும்போது ஒரு கணம் துடுப்பை உயர்த்திக் காட்டுவார். கரையில் நிற்கும் அண்ணியிடமிருந்து ஒரு அசைவும் இருக்காதாம். “எங்க வூட்டம்மா பெரிய ராங்கிக்காரிங்க. ராசாத்தி! கல்யாணம் ஆயி ஆறு வருசமா கையக் காட்டுறேன், ஒரு நாளு திரும்பக் காட்டுனதில்ல” என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்தேன். காலை வேளைகளில் கண்ணாடியோடு கரையில் நின்று அவர் வருவதைப் பார்த்திருக்கிறேன். அலையைத் தாண்டும்போதே முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

இரண்டாவது முழுக்கு முடிந்து கரை ஏறியபோது துண்டு இருந்தது, கண்ணாடி இல்லை.

முதலில் மணலைக் கிளறினேன். பிறகு அத்தான் கிளறினார். அடுத்த பன்னிரண்டாம் நாள் எனக்குக் கடைசி ஆண்டுத் தேர்வு. எழுத்துத் தேர்வைத் தாளில் மூக்கை உரசியாவது எழுதிவிடலாம். செய்முறைத் தேர்வில், நோயாளியை விவரிப்பதற்கு முன் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று நான் தேடவேண்டியிருக்கும். மதராசில் புதிதாகச் செய்யக் கொடுத்தாலும் மூன்று வாரம் ஆகும். தேர்வு போனால் ஆறு மாதம் போயிற்று. பயமாக இருந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

“திருட்டு ஊரு! ஊரே திருட்டு ஊரு!” என்று கரையில் நின்று கத்தினேன்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். “ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?” என்று அக்கா பிற்பாடு வீட்டில் வைத்து என்னை வறுத்தெடுத்தாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அந்த ஊரின் தலைவர், அவரை நாட்டார் என்பார்கள், விசாரிக்க வந்தார். அத்தான் போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

“வேணாங்க முசே” என்றார் நாட்டார். அங்கே ஐயா என்பதற்கு முசே. “சிவப்புத் தொப்பி வந்து நின்னா நாலு பேரு அடி வாங்குவான், பொருளு வராது. ஒரு நாளு குடுங்க. தலைக்கட்டுக்கு ஒரு கூடை மண்ணு கொட்டச் சொல்றேன். பொருளு வர்ற வரைக்கும் ஒரு மரமும் கடல்ல எறங்காது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “டாக்டரம்மா, பொருளு வந்திச்சின்னா எடுத்துக்கங்க. யாருன்னு கேக்கக் கூடாது. சம்மதமா?”

சம்மதம் என்றேன். அந்த நிலையில் எதற்கும் சம்மதித்திருப்பேன்.

மறுநாள் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. மாலை வெயில் தணிந்ததும் என்னைக் கரையில், கடலைப் பார்த்து உட்காரவைத்தார்கள். எனக்குப் பின்னால் மண் கொட்டும் இடம். ஊர் முழுவதும் கோயிலுக்கு அந்தப் பக்கம் நிற்க, ஒரு வீட்டுக்கு ஒருவராகக் கூடையில் மண் எடுத்து வந்து கொட்டிவிட்டுப் போகவேண்டும். எடுத்தவர் தன் கூடை மண்ணுக்குள் பொருளை வைத்துக் கொட்டிவிடலாம். நாட்டாரும் தன் பங்குக்கு ஒரு கூடை சுமந்துவந்தார். “திரும்பிப் பாக்கக் கூடாது” என்றார். “திரும்பினா மட்டும்? பத்தடிக்கு அந்தப் பக்கம் எனக்கு மனுஷனும் ஒண்ணுதான், தென்னமரமும் ஒண்ணுதான்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டிருக்கலாம். அப்போது கேட்கவில்லை.

ஒவ்வொரு கூடையாக விழுந்தது. இடுப்பிலிருந்து கவிழ்த்தால் தொப்பென்று ஒரு சத்தம், காலடி திரும்பிப் போகும். நாற்பது வரை எண்ணினேன். அடுத்து வந்தவர் கவிழ்க்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கூடையைத் தரையோடு சாய்த்து, மெல்ல மெல்லச் சரித்தது கேட்டது.

“ஏம்மா ஒக்காந்து கொட்டுற?” என்றது ஒரு குழந்தைக் குரல்.

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? என் கண்ணைக் கழுவி வைக்கிறேனா என்று கேட்ட குரல்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது கருணை இல்லை. உன் கையால் சாப்பிட்டேனே பாவி என்று திரும்பப் போனேன். முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தை பதில் கேட்டு நச்சரித்துக்கொண்டே தாயோடு போயிற்று.

எல்லோரும் கொட்டி முடித்ததும் மண்ணைச் சலித்தார்கள். நல்ல துணியில் நாலு சுற்றுச் சுற்றி என் கண்ணாடி கிடைத்தது. கூடவே ஒரு வெள்ளி மெட்டியும் கிடைத்தது. எந்தக் காலத்தில் காணாமல் போனதோ, மூன்று பெண்கள் அது தன்னுடையது என்று சண்டை பிடித்தார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். நான் ஒருநாளும் அதை அவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்ததில்லை.

விற்பதற்கு எடுத்தவள் அப்படித் துடைப்பாளா? வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஒவ்வொன்றாக உறைத்தது. மூக்கருகே பிடித்த மீன். துடுப்பை உயர்த்தினால் அசையாத கை. ராங்கியாவது, ராசாத்தியாவது! நான் ஒரு மாதம் கண் மருத்துவப் பிரிவில் நின்று நல்ல பெயர் வாங்கியவள். என்னைப் போலவே தூரப் பார்வை இல்லாத ஒருத்தியின் எதிரில் உட்கார்ந்து, அவள் பரிமாறியதைச் சாப்பிட்டு, பாசம் என்று குறித்துக்கொண்டிருக்கிறேன். தேர்வில் தோற்றிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

“யாருடி கொட்டுனது? ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்று அக்கா துளைத்தாள்.

“எனக்குத்தான் கண்ணு தெரியாதே” என்றேன்.

மறுநாள் முதல் வேலையாக நாட்டாரிடம் போய், நான் சொன்னது தப்பு என்றேன். எப்போதோ மறந்துவிட்டதாகச் சொன்னார். மறந்திருக்க மாட்டார். பிறகு கரைக்குப் போனேன். எனக்கு ஒரு சிலிண்டர் பாக்கி இருந்தது.

அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் குடிசை வாசலில் நின்றாள். கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

“அண்ணி, துண்டுல வச்சா திரும்பவும் காத்துல கீத்துல போயிடும். நான் வர்ற வரைக்கும் நீங்க வச்சிருங்க.”

“நானா?” அவள் கை முன்னால் வரவில்லை.

“நீங்கதான். கையில வச்சிருந்தா ஒடஞ்சிடும். போட்டுக்கங்க.”

நானே அவள் காதில் மாட்டிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாளா, கடலைப் பார்த்தாளா, எனக்குத் தெரியவில்லை. அழுதாளா என்றும் தெரியவில்லை. மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கட்டுமரத்தில் போய் ஏறிக்கொண்டேன்.

மற்ற இரண்டு தடவையும் பாதியிலேயே பயம் வந்து, என்னை மேலே தூக்கச் சொல்லி இடுப்பில் கட்டிய கயிற்றை இழுத்திருக்கிறேன். அன்று இழுக்கவில்லை. பாரில் கையை ஊன்றிக்கொண்டு, கண் எதிரே ஒரு முழம் கலங்கலில் குறுக்கும் நெடுக்கும் போன சின்ன மீன்களைப் பார்த்துக்கொண்டு, சிலிண்டர் கடைசி மூச்சைத் தரும்வரை உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து இழுக்கத் தொடங்கியது அத்தான்தான். மேலே வந்ததும் பிரெஞ்சில் திட்டினார்.

கரையை நெருங்கும்போது அண்ணன் வழக்கம்போலத் துடுப்பை உயர்த்தினார். உயர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“முசே... கையத் தூக்குதுங்க. எங்க வூட்டம்மா கையத் தூக்குது!”

துடுப்புப் போடாததால் அலை எங்களைக் குறுக்கே தள்ளியது. மூன்று பேரும் நனைந்தோம். அத்தான் மறுபடி பிரெஞ்சில் ஆரம்பித்தார்.

தேர்வு முடிந்த பிறகு, என் கண்ணுக்குப் போதாமல் போய் ஒதுக்கி வைத்திருந்த பழைய கண்ணாடி ஒன்றை அக்கா மூலம் அண்ணிக்கு அனுப்பினேன். ஒரு பக்கக் கம்பி உடைந்திருந்தது, நூல் கட்டிக்கொள்ளட்டும் என்று. தேர்விலும் தேறினேன். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று நான் கரை ஏறி வந்ததும் அண்ணி கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

“அவரு சிரிச்சிக்கிட்டே வர்றாருங்க, டாக்டரம்மா” என்றாள்.

“ஆமா.”

“தெனமும் இப்படித்தான் வருவாரா?”

“தெனமும்தான் அண்ணி. நான் பாத்திருக்கேன்.”

அண்ணன் கட்டுமரத்தை மணலில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்தத் திசையில் திரும்பினாள். இப்போது அவளுக்கு அவர் முகம் தெரிந்திருக்காது.

“ஆறு வருசமாவா?” என்றாள்.