அனுமானம் சார் வீட்டில் மழை

‘லிஃப்ட் பழுது. படியில் ஏறவும்’ என்ற அட்டையின் முன்னால் அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்த மாணவர்களும் நிற்க வேண்டியதாயிற்று. “இதுல சொல்லாம விட்டது என்ன, சொல்லுங்க பாப்போம்.” “ஏறி வர்றவனுக்கு முட்டி நல்லா இருக்குன்னு இவங்களா நெனச்சுக்கிட்டாங்க.” சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

போட்டித் தேர்வுகளில் ஒரு கூற்றைக் கொடுத்து, அதில் சொல்லாமலே அடங்கியிருக்கும் அனுமானம் எது என்று கேட்பார்கள். அதைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் பயிற்சி மையத்தில் அவருக்குச் சோறு போடும் வேலை. “திருப்பிப் போட்டுப் பாரு. அது இல்லைன்னு வச்சுக்கிட்டா கூற்று விழுதா? அப்ப அதான் அனுமானம்.” பிள்ளைகள் வைத்த பெயர், அனுமானம் சார். அதில் ‘சார்’ என்பதே ஓர் அனுமானம்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

தொல்லை என்னவென்றால், இந்தச் சாமர்த்தியத்தை மனிதர் மையத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருவதில்லை. போன வாரம் அடுப்படியிலிருந்து மனைவி, “என்னங்க, மழை வர்ற மாதிரி இருக்கு” என்றார். இவர் டீயைக் கீழே வைத்தார். “நல்ல கூற்று. வெளிய நனையுற பொருள் ஏதோ இருக்கு, இது ஒரு அனுமானம். அதை எடுக்க வீட்டுல ஒரு ஆள் சும்மா இருக்கான், இது இன்னொண்ணு.” விடை இரண்டும் சரி. விளக்கி முடிப்பதற்குள் மொட்டை மாடியில் துணியெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது.

அன்றோடு அந்த அம்மாள் பேச்சை நிறுத்திக்கொண்டார். டீ வரும், சாப்பாடு வரும், பேச்சு மட்டும் வராது. கூற்றே இல்லாத வீட்டில் மனிதர் அனுமானத்தை எங்கே போய்த் தேடுவார்? “மன்னிப்பு கேட்டுட வேண்டியதுதானே” என்றார் மையத்தின் கணக்கு வாத்தியார். “விடை சரியா இருக்கே சார், எதுக்கு மன்னிப்பு?” என்று முறைத்தவர், கொஞ்ச நேரத்தில் குரலை இறக்கினார். “அவ இனிமே பேசவே மாட்டான்னு வச்சுக்கிட்டுப் பாத்தேன். கூற்று விழல சார். நான்தான் விழுந்துட்டேன்.” பாவம், மனிதர் உண்மையிலேயே பயந்து போயிருந்தார்.

நேற்று மாலை வகுப்புக்குக் கிளம்பி, செருப்பை மாட்டும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. “மழை வர்ற மாதிரி இருக்கு.”

மனிதர் செருப்போடு மாடிக்கு ஓடினார். முட்டி இருக்கும் ஞாபகமே வரவில்லை. அப்போதுதான் துவைத்துப் போட்ட துணி. தண்ணீர் சொட்டச் சொட்ட அத்தனையையும் வாரி அணைத்துக்கொண்டு இறங்கினார். போட்டிருந்த சட்டை, பேன்ட் எல்லாம் ஈரம்.

வாசலில் மனைவி நின்றிருந்தார். கணவர் வழியில் நனையக் கூடாதே என்று எடுத்து வந்த குடை கையில் இருந்தது. மனிதர் குடையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். எதையோ விளக்க வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அந்த அம்மாள் துணிக்குவியலுக்கு நடுவே கொஞ்சம் இடம் தேடி, அவருடைய முழங்கை மடிப்பில் குடையை மாட்டிவிட்டார்.