காலுக்கு இரண்டு அட்டை

தரையிலிருந்து பிடரி எலும்பு வரை நூற்று நாற்பத்தாறு சென்டிமீட்டர். பத்தொன்பது ஆண்டுகளாக பால்தோமெரோ என்றால் தேவாலயச் சபையில் அந்தக் கணக்குதான். ஸ்பெயினின் செவில் நகரத்துக் கதீட்ரல் வாசலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக் குதிரை வண்டி ஓட்டுபவர். ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்தில் மட்டும் மாதா சப்பரத்தின் அடியில், மூன்றாம் வரிசையில், நண்பர் ரொஹேலியோவோடு தோளுரசி நிற்பார். வரிசைக்கு ஐந்து பேர், சப்பரத்தின் குறுக்குக் கட்டையைப் பிடரியில் தாங்குவார்கள். ஐந்து பிடரியும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் மாதா ஆடாமல் வருவாள். நெட்டையர்கள் முன்னால், குட்டையர்கள் பின்னால்.

இந்த ஜனவரியில் ஐம்பத்தொரு வயது. குளியலறைச் சுவரில் அளந்து பார்த்தார். நூற்று நாற்பத்தைந்து! ஒரு சென்டிமீட்டரைக் காணோம். அப்படியென்றால் நான்காம் வரிசை. பக்கத்தில் ரொஹேலியோ இருக்கமாட்டார். மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு காலணிக்குள்ளும் ஓர் அட்டைத் துண்டைச் செருகினார். போதாதோ என்று இன்னொன்றும்.

ஞாயிறு காலை சபைக் கூடத்தில் உயரம் பார்த்தார்கள். தலையில் சும்மாடு கட்டி முப்பது பேர் நிற்க, மேஸ்திரி இஹினியோ ஒவ்வொரு பிடரியாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். பால்தோமெரோவிடம் கை மேடேறியது.

"என்னடா பால்தோ, குதிரைத் தீவனத்த நீ தின்னுட்டியா? வளந்துட்டியே! போ, ரெண்டாம் வரிசைக்கு."

கூடம் சிரித்தது. பால்தோமெரோவுக்கு அப்போதுதான் உறைத்தது. அட்டை நசுங்கினால் இவர் பிடரியில் கட்டை படாது. பாரமெல்லாம் மற்ற நால்வர் தலையில் விடியும். குனிந்து காலணிகளைக் கழற்றினார்.

"மேஸ்திரி... அட்டை."

"எத்தன?"

"காலுக்கு ரெண்டு."

"இன்னும் ஒண்ணு வெச்சிருந்தா மணிக்கூண்டுல முட்டியிருப்பான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்ள, ரொஹேலியோ மட்டும் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயுமா மச்சான்?"

"ஒண்ணுதான்டா. உன்ன மாதிரி பேராசக்காரனா நான்?"

மேஸ்திரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருவரையும் வெறுங்காலோடு நிறுத்தி உள்ளங்கையை வைத்தார். மயிரிழை வித்தியாசமில்லை.

"ஜோடி போட்டுத் தேஞ்சிருக்கீங்களேடா! ஓடுங்க, நாலாவதுக்கு!"

இருவரும் கட்டிப்பிடித்துக் கூடத்தையே ஒரு சுற்று ஆடி வந்தார்கள், வெறுங்காலோடு.

முதல் ஒத்திகை வரும் செவ்வாய்க்கிழமை. சப்பரத்தின் மேல் மாதாவுக்குப் பதில் மணல் மூட்டைகள் இருக்கும்.