உதறாத சட்டை

உலகத்தில் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் ஒன்றரைப் பேர். முழு ஆள் அத்தை. அந்த அரை ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அத்தை வாய்விட்டு வாசித்தால் கொசுகூடக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும். முற்றுப்புள்ளி வந்த பிறகுதான் மறுபடி கடிக்கும். நம்பாதவர்கள் பொத்தான் தொழிற்சாலையில் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அட்டையில் பொத்தான் தைப்பார்கள். கைக்குத்தான் வேலை; மனசு சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற மனசு பக்கத்து வீட்டு விவகாரத்துக்குள் போய்விடும். அதனால் அவர்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து கதை வாசிக்க வேண்டியது, அவள் பங்கு அட்டைகளை மற்றவர்கள் பகிர்ந்து தைத்துவிட வேண்டியது. பல வருஷமாக அந்த முக்காலி அத்தையுடையது.

அத்தை வீட்டில் வளர்கிறவள் அவளுடைய அண்ணன் மகள். தெருவில் அவளுக்கு வாலு என்று பெயர். அவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா, பள்ளிக்கூடம் அவளை விட்டதா என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இப்போது ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலை. புத்தகம் என்பது அவளுக்குப் பிரதி எடுக்கிற சரக்கு, அவ்வளவுதான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள்.

இந்த முறை அத்தை எடுத்தது ஊரே திட்டிய நாவல். இரண்டு மகன்களைப் பெற்ற ஒருத்தி, இளையவன்மேல் தனக்குப் பாசமே வரவில்லை என்று கண்டுகொள்கிறாள். தாய்மையைக் கேவலப்படுத்திவிட்டார் என்று அந்த எழுத்தாளரை மேடை போட்டு ஏசினார்கள். ஏசியவர்களில் பாதிப் பேர் புத்தகத்தின் மேலட்டையைத் தாண்டவில்லை.

"என்ன எழுதியிருக்காங்கன்னுதான் எல்லாரும் சண்டை போடுறாங்க. எப்படி எழுதியிருக்காங்கன்னு ஒருத்தரும் பாக்கலையே" என்பாள் அத்தை. துக்கம் வருகிற இடத்தில் எழுதின அந்த அம்மா குரலை உயர்த்துவதே இல்லை, ஒரு பொருளை நம் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார் என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே விளக்குவாள். வாலு கொட்டாவி விடுவாள், வேண்டுமென்றே சத்தமாக.

தொழிற்சாலையில் ஊசிவாய் அக்கா என்று ஒருத்தி. கூடத்தில் ஆபாசம் வாசிக்கிறார்கள் என்று அவள் மேற்பார்வையாளரிடம் வத்தி வைத்துவிட்டாள். நாளைக்கு நானே வந்து கேட்கிறேன், அசிங்கமாக ஒரு வரி வந்தாலும் வாசிப்பு அதோடு சரி என்று அவர் சொல்லிவிட்டார். நாளைக்கு வரவேண்டியதோ, நாவலிலேயே அதிகம் திட்டு வாங்கிய பக்கம்.

"அதை மட்டும் தாண்டிப் போயிடேன், அத்தை."

"அதுக்கு நான் பொத்தானே தைக்கலாம்."

அன்று அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. வாலுவுக்குப் பொறுக்கவில்லை. ஊரார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டே பழகிய கை, முதல்முறையாக ஒரு நல்ல காரியத்தில் இறங்கியது. கடையில் அதே எழுத்தில், அதே பழுப்புத் தாளில் யோக்கியமான பக்கம் ஒன்றைத் தட்டச்சு செய்து, ஓரங்களில் மட்டும் பசை தடவி, வில்லங்கமான பக்கத்தின்மேல் ஒட்டிவிட்டாள்.

மறுநாள் அத்தையின் சாப்பாட்டு டப்பாவைத் தானே ஒளித்துவைத்து, அத்தை மறந்துவிட்டுப் போனதுபோலத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கூடத்து வாசலில் நின்றாள். மேற்பார்வையாளர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அத்தை வாசித்தாள்.

'கொடியில் ஈரத்துணி தொய்ந்தது. காற்று இல்லை. அவள் கிளிப்பைத் தேடினாள். ஐயோ, பெற்ற பிள்ளையை வெறுத்த பாவி நான் என்று கதறினாள். கண்ணீர் ஆறாகப் பெருகியது...'

மேற்பார்வையாளர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்படியே மேலே போயிருந்தால் முக்காலிக்கு ஆபத்தே இல்லை. அத்தை நிறுத்திவிட்டாள்.

"இது அவங்க எழுதினது இல்ல, சார்."

அச்சடித்த புத்தகத்தில் அது எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார்.

"அவங்க நம்மள அழச் சொல்ல மாட்டாங்க."

தாளைத் தடவிப் பார்த்து, ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தாள். அத்தை அடியில் இருந்ததை வாசித்தாள், அதே குரலில், அவசரமே இல்லாமல்.

'மூத்தவன் சட்டையை உதறிக் காயப்போட்டாள். இளையவன் சட்டையை உதறவில்லை. அது சுருக்கத்தோடு காய்ந்தது. மாலையில் அவன் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். நல்லா இருக்காம்மா என்றான். நல்லா இருக்கு என்றாள்.'

கூடத்தில் ஓர் ஊசியும் நகரவில்லை. மேற்பார்வையாளர், இதில் அசிங்கமான வரி எது என்று ஊசிவாய் அக்காவைக் கேட்டார். அவள் மடியில் கிடந்த அட்டையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"மேல வாசிக்கச் சொல்லுங்க சார். அந்தப் பையன் என்ன ஆனான்னு தெரியணும்."

அவரும் எழுந்து போகவில்லை. கட்டியிருந்த கைகளை மட்டும் அவிழ்த்தார். அத்தை பக்கத்தைத் திருப்பினாள். வாசலில் நின்ற வாலு, தனக்கே பட்டாபிஷேகம் நடந்ததுபோல நெஞ்சை நிமிர்த்தி, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "எங்க அத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும் வழியில் அத்தை அந்த உரித்த தாளை நீட்டினாள். வாலு வானத்தைப் பார்த்தாள்.

"முதல் மூணு வரியில நானே ஏமாந்துட்டேன்டி. அவங்க கை அப்படியே இருந்துச்சு. அழுகைதான் உன்னைக் காட்டிக்கொடுத்துச்சு."

அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான், அதுவும் மேலோட்டமாகப் பார்த்தேன் என்றாள் வாலு.

"மேலோட்டமாப் பாத்தவளுக்குக் 'காற்று இல்லை'ன்னு எழுத வராது" என்றாள் அத்தை. "முழுப் புத்தகத்தையும் எத்தனை தடவை படிச்ச?"