பட்டாளத்துக் கோட்டுக்குள் நாலு நாள்

என் மூத்த மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. மட்டக்களப்பு ஆசுப்பத்திரியில் பதினொரு நாள் அவளைப் பஞ்சில் பொதிந்து ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அந்த வருட நத்தார், அதாவது கிறிஸ்மஸ், எனக்கு வார்ட்டிலேயே கழிந்தது. பன்னிரண்டாம் நாள் டாக்டர் வந்து பார்த்தார். பிள்ளை பால் குடிக்கத் தொடங்கிவிட்டது, இங்கே சளிக்காரர் கூடிவிட்டார்கள், இனி வீட்டில் வைத்திருப்பதே நல்லது என்றார். புறப்படும்போது ஒரு மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தாதிமாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். இந்தப் பிள்ளைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, குளிர மட்டும் விடாதே, வேறு வழி இல்லாவிட்டால் உன் நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள் என்றாள்.

எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தது. மண்சுவர், கிடுகுக் கூரை, ஒரு அறை, ஒரு விறாந்தை, பின்னால் சமைக்கத் தனியாகக் குசினி. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். என் தாய் நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தகப்பனார் மாங்கேணியில் என் தமையனோடு இருந்தார். வீட்டுக்காரர் வேளாண்மைக்காரர். வட்டையில், அதாவது ஊருக்குப் பின்னால் பரந்து கிடந்த வயல்வெளியில், எங்களுக்கு நாலு ஏக்கர் இருந்தது. நாங்கள் வள்ளத்தில் வாவியைக் கடந்து வந்த அன்று வெயில் எறித்தது. குழந்தையை நான் சீலைத் தலைப்புக்குள் மூடி வைத்திருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு தடவையாவது தூக்குங்களேன் என்று கேட்டேன். கொஞ்சம் பெருக்கட்டும் என்று தலையை ஆட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் வாடை தொடங்கியது. மாரிகாலத்தில் வடக்கிலிருந்து காற்றும் மழையும் வருவது எங்களுக்குப் பழக்கம்தான். ஒரு நாள் பெய்யும், மறுநாள் வெளிக்கும். அந்த முறை வெளிக்கவேயில்லை. வானம் சாம்பல் பூசினாற்போல இறங்கிக் கிடந்தது. மழை பெரிதாகவும் இல்லை, விடவும் இல்லை. காற்று வாவியின் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கிடுகு இடுக்கு வழியே வீட்டுக்குள் ஊற்றியது. சுவரைத் தொட்டால் கை நனைந்தது. பாய், தலையணை, கொடியில் கிடந்த துணி எல்லாம் ஈரம். ஆடுகள் விறாந்தையில் ஏறி நின்று நடுங்கின. தெருவில் ஒருவர் வளர்த்த கன்று குளிரில் விறைத்துச் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டோம். குளிருக்குக் கன்று சாகுமா என்று நான் அதற்குமுன் யோசித்ததேயில்லை.

முதல் இரண்டு நாளும் எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தோம். வீட்டுக்காரர் சாக்குகளைத் தைத்து வடக்குச் சுவரில் மறைப்புக் கட்டினார். நெல்லுக் கொட்டி வைக்கும் பட்டடையை இழுத்துக் காற்று வரும் மூலையில் நிறுத்தினார். ஒரு பழைய சட்டியில் உமியைப் போட்டு நெருப்பு மூட்டி அறைக்குள் வைத்தோம். சூடு வந்தது, ஆனால் புகையும் வந்தது. குழந்தை மூச்சுத் திணறி ஒரு சின்னச் சத்தம் போட்டாள். பூனைக்குட்டி தும்மினாற்போல. நான் பதறிப்போய்ச் சட்டியை வெளியே கொண்டுபோகச் சொன்னேன். பிறகு போத்தல்களில் சுடுதண்ணீர் நிறைத்து, துணி சுற்றி, அவளுக்கு இரண்டு பக்கமும் வைத்தோம். அரை மணித்தியாலத்தில் அது ஆறிவிடும். விறகு நனைந்து கிடந்ததால் அடுத்த தண்ணீர் கொதிக்க ஒரு மணித்தியாலம் ஆகும். மிச்ச நேரமெல்லாம் என் நெஞ்சில் கிடத்தியிருந்தேன். அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டேன், அப்படியே கண்ணயர்ந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் எனக்குக் காய்ச்சல் பிடித்தது. முதலில் குளிர்தான் என்று நினைத்தேன். பிறகு பல்லோடு பல் அடித்தது. கட்டில் ஆடுமளவுக்கு உடம்பு நடுங்கியது. குழந்தை என் மேல் கிடந்து குலுங்கினாள். அவளைப் பக்கத்தில் கிடத்தி, போத்தலை அணைத்து, இருந்த துணியையெல்லாம் மூடினேன். எவ்வளவு நேரம் மயங்கிக் கிடந்தேனோ தெரியாது. கண்ணைத் திறந்து அவள் பாதத்தைத் தொட்டேன். ஈர மண்ணைத் தொட்டது போலிருந்தது. உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். அழவில்லை.

நான் கத்தவில்லை. கத்துவதற்குச் சத்தம் வரவில்லை. "இஞ்சேருங்க" என்று மட்டும் சொன்னேன். குசினியில் ஈர விறகோடு போராடிக்கொண்டிருந்தவர் எப்படியோ அதைக் கேட்டு ஓடிவந்தார். பார்த்தார். உடனே மழைக்குள் இறங்கி அடுத்த வளவுக்குப் போய் அக்காவைக் கூட்டி வந்தார்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவளல்ல. வேலிக்கு அப்பால் இருந்தவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளிடம் ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்று இருந்தது. அவர்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போவார்கள், நாங்கள் மெதடிஸ்த கோயிலுக்குப் போவோம். கறியும் நெருப்பும் வேலியால் கைமாறும். அவள் வந்த வேகத்தில் ஈரத் தலையைத் துடைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். என் நெற்றியைத் தொட்டாள். மிஸ்ஸி சொன்னதை நான் உளறலாகச் சொன்னேன், நெஞ்சோடு நெஞ்சாக என்று. உன் நெஞ்சு இப்போது சரிவராது என்றாள். பிறகு என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சட்டையைக் கழட்டுங்க அண்ணன். நெஞ்சைத் துடைச்சுப்போட்டு அந்தக் கதிரையில இரிங்க."

அவர் அப்படியே நின்றார். எங்கள் பக்கத்து ஆண்கள் அந்த நாளில் பச்சைக் குழந்தையைத் தூக்கமாட்டார்கள். அவர் விலகி நின்றதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் வேறு காரணம் தெரிந்தது.

"எனக்குப் பயமாக் கிடக்கு. நசிஞ்சு போனா என்ன செய்யிற?"

"நசியாது. நீங்க அசையாம இரிங்க. நான் வைக்கிறன்."

அவரிடம் ஒரு பட்டாளத்துக் கோட்டு இருந்தது. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் போன காலத்தில் அவருடைய தகப்பன் மட்டக்களப்புச் சந்தையில் வாங்கியது. தடித்த கம்பளி. வட்டையில் பன்றிக் காவலுக்குப் பரணில் ஏறும்போது மட்டும் போடுவார். அது ஒரு ஆள் பாரம் இருக்கும். அக்கா குழந்தையின் துணிகளையெல்லாம் உரிந்து, தலையில் மட்டும் ஒரு துணியைக் கட்டி, தவளைக் குஞ்சைப் போல அவருடைய வெறும் நெஞ்சில் குப்புறக் கிடத்தினாள். ஒரு சீலைத்துண்டால் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினாள். மேலே கோட்டைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினாள். குழந்தையின் முகம் மட்டும் கழுத்துப் பக்கமாக வெளியே தெரிந்தது. அவர் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கதிரைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா தன்னுடைய பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி எடுத்து, துணித் திரியால் துளித் துளியாகக் குழந்தையின் வாயில் வைத்தாள். முதல் துளிகள் கடைவாயால் வழிந்தன. நான் கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். செபம் சொல்ல வாய் எடுத்தால் வார்த்தைகள் மாறி மாறி வந்தன. மழைச் சத்தம் ஒன்றுதான். அக்கா நடுவில் ஒருதரம் தன் வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தாள்.

எவ்வளவு நேரம் போனதோ, மத்தியானம் ஆகியிருக்கும், அவருடைய முகம் ஒரு மாதிரி மாறியது. குனிந்து கோட்டுக்குள் பார்த்தார்.

"புள்ள," என்று என்னைக் கூப்பிட்டார். "நனைச்சுப் போட்டாள். சூடா இரிக்கு."

அக்கா சிரித்துக்கொண்டே எழும்பிப்போய்த் துணி எடுத்தாள். அவர் துடைக்க விடவில்லை, இருக்கட்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் குழந்தை முனகினாள். பிறகு அழுதாள். அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டதும் நான் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினேன். அவளுடைய பாதத்தை என் கையில் வைத்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டேன். அவர் கதிரையைக் கட்டிலோடு இழுத்துப்போட்டார். கோட்டுக்குள் கை விட்டுத் தொட்டேன். இளஞ்சூடாக இருந்தது.

அன்றிலிருந்து நாலு நாள் அவர் அந்தக் கோட்டைக் கழற்றவில்லை என்றே சொல்லலாம். சுவரில் சாய்ந்தபடி தூங்கினார். ஒற்றைக் கையால் சோறு சாப்பிட்டார். வெளியே போகவேண்டி வந்தால் மட்டும் அக்கா அவளை வாங்கித் தன் நெஞ்சில் வைத்திருப்பாள். என் காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. அக்கா மல்லித் தண்ணீரும் மிளகுக் கறியும் செய்து கொடுத்தாள். நான் கண் திறக்கும் போதெல்லாம் அவர் குழந்தையோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பார். காது கொடுத்துக் கேட்டால், எந்த மாட்டுக்கு எந்தப் பழக்கம், எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்று அவளுக்கு விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கோட்டுப் போட்ட மூன்றாம் நாள் வட்டையிலிருந்து ஆள் வந்தது. எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரர். இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்திருந்தார். விறாந்தையில் ஏறாமல் முற்றத்தில் நின்றபடியே, மேல்பக்கத்து வரம்பு அரித்துக்கொண்டு வருகிறது, இன்றைக்குள் மண் போட்டு அடைக்காவிட்டால் பயிர் முழுதும் போய்விடும், எல்லோரும் போகிறார்கள், நீயும் வா என்றார்.

பயிர் அப்போது முழங்காலளவு வளர்ந்திருந்தது. அந்த வருடத்துச் சோறு அதுதான். அவர் எழும்பி வாசலுக்குப் போனார். கோட்டின் முன்பக்கத்தைக் கையால் தாங்கிப் பிடித்தபடி மழையைப் பார்த்தார். போங்கள், அக்கா வைத்திருப்பாள் என்று நான் கட்டிலில் இருந்தபடி சொன்னேன். மனமில்லாமல்தான் சொன்னேன். அக்காவின் பிள்ளைக்கும் அன்று சளி. அது வேலிக்கு அப்பால் அழுவது எங்களுக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் வந்தவரிடம் சொன்னார்: "இண்டைக்கு ஏலா மச்சான். புள்ளையக் கீழ வைக்க ஏலா. நீங்க பாத்துச் செய்யுங்க."

வந்தவருக்கு முதலில் விளங்கவில்லை. கோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்ததைக் கண்டதும் அவர் வாய் திறந்தபடி நின்றார். பிறகு திரும்பித் தண்ணீருக்குள் இறங்கினார். என் வீட்டுக்காரர் வந்து கதிரையில் உட்கார்ந்தார். அன்று முழுக்கக் குழந்தையிடம் மாடுகளைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த நாள் காற்று அடங்கியது. வள்ளத் துறைக்குப் போகும் பாதையில் தண்ணீர் கொஞ்சம் வடிந்திருந்தது. அரசாங்க மருத்துவிச்சி முழங்காலளவு சேற்றில் குடையும் பையுமாக வந்து சேர்ந்தாள். ஆசுப்பத்திரியிலிருந்து எங்கள் விலாசத்தை அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். நாலு நாளாக வள்ளம் விடவில்லை, இந்த வீட்டில் என்ன காணப்போகிறேனோ என்று நினைத்துக்கொண்டே வந்ததாகப் பிறகு சொன்னாள். உள்ளே வந்தவள் கதிரையில் கோட்டோடு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்துவிட்டு, பிள்ளை எங்கே என்று என்னைக் கேட்டாள். நான் கையைக் காட்டினேன்.

அவள் பொத்தானைக் கழற்றிப் பார்த்தாள். அவர் பாடம் ஒப்புவிக்க நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளை போல விறைத்து உட்கார்ந்திருந்தார். தான் செய்தது பிழையாக இருக்குமோ என்று அவருக்குப் பயம். மருத்துவிச்சி குழந்தையின் காலைத் தொட்டாள், நெஞ்சில் காதை வைத்தாள், கண் இமையை விரித்துப் பார்த்தாள். பையைத் திறந்து தராசை எடுத்தவள், வெளியே மழைத் தூறலைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தாள்.

"இப்ப நிறுக்கத் தேவையில்ல. அங்கயே இரிக்கட்டும். நல்ல இடத்திலதான் இரிக்கிறாள்," என்றாள்.

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சுக்குக் குழந்தையும் சேர்ந்து மேலே ஏறி இறங்கினாள். மருத்துவிச்சி எனக்குக் காய்ச்சலுக்கு விழுங்கக் குளிசை தந்தாள். மலேரியாவாக இருக்கலாம், பயமில்லை என்றாள். அக்கா அவளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். என்ன பேசினோம் என்று இப்போது நினைவில்லை. நாலு நாளாகத் தொண்டைக்குள் கிடந்த பேச்செல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது.

மறுநாள் வெயில் எறித்தது. ஊரே தன் வீட்டுக்குள் இருந்ததையெல்லாம் முற்றத்தில் கொண்டுவந்து விரித்தது. வேலியெல்லாம் பாயும் சீலையும். மணலில் ஆவி கிளம்பியது. அன்று காலை அவர் குழந்தையை என் நெஞ்சில் கிடத்திவிட்டு, கோட்டைக் கழற்றி முள்ளுவேலியில் போட்டுவிட்டு, மண்வெட்டியோடு வட்டைக்குப் போனார். நான் வாசலில் உட்கார்ந்து, நாலு ஏக்கரும் போயிருந்தாலும் பரவாயில்லை, வருவதைப் பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் திரும்பி வந்தார். காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். பள்ளக்காணி இரண்டு துண்டும் மணல் மூடிப் போய்விட்டது. மேட்டுக்காணி நிற்கிறது. வரம்பு உடைந்த இடத்தில் எங்கள் பங்குக்கும் சேர்த்து மற்றவர்கள் மண் போட்டிருக்கிறார்கள். முற்றத்தில் வந்து நின்றவர்தான் ஊரெல்லாம் சொல்லி ஆள் சேர்த்தாராம்.

அந்த வருடம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, மரவள்ளிக் கிழங்கைக் கூட்டிச் சாப்பிட்டோம். அது ஒரு பெரிய குறையாக எனக்குத் தெரியவில்லை. மாசி மாதத்தில் குழந்தைக்குக் கன்னம் வைத்தது. பங்குனியில் ஞானஸ்நானம் கொடுத்தோம். அக்கா தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் கோயில் வாசல்வரை வந்து, உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றாள். என் வீட்டுக்காரர் வெளியே போய் அவளைக் கூட்டிவந்து முன்வாங்கில் உட்காரவைத்தார். போதகர் குழந்தையைக் கொடுக்கும்படி கையை நீட்டினார். தகப்பன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். கோயிலுக்குள் இருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தலைக்குக் கீழே ஒரு கை, முதுகுக்குக் கீழே ஒரு கை, பழகின ஆள் போலப் பிடித்திருந்தார்.