ஆர்ச்சி ஜெயித்துக்கொண்டிருந்தான்

கிளாஸ்கோவில், எங்கள் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் டூகல் ரென்னி. கப்பல் கட்டும் தளத்தில் இருபத்தாறு வருடம் வெல்டராக இருந்தவர். எண்பத்தாறாம் வருடம் தளத்தை இழுத்து மூடியபோது அவருக்கு மிஞ்சியது இருமலும் ஆர்ச்சி என்ற நண்பரும்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் போக்கர் ஆடுவார்கள். தளத்தில் சுவாசித்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி ஆர்ச்சியின் நுரையீரலைத் தின்று ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது. அதன்பிறகு டூகல், அக்கா மகன் சலித்துப்போய் ஒதுக்கிய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து டிவியில் மாட்டினார். கேசட்டை ஓடவிட்டு அதில் ஏற்றும் ஒரு போக்கர் ஆட்டம். இருட்டுச் சந்து, புகை மண்டிய மேஜை, முரட்டு முகங்கள். பார்க்க எங்கள் தெரு மாதிரியே இருந்தது. எதிராளிக்குப் பெயர் கேட்டது. 'ஆர்ச்சி' என்று தட்டினார்.

அந்த ஆர்ச்சி வெளுத்து வாங்கினான். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் டூகல் சொல்வார்: "இன்னிக்கும் என்னைய மொட்டையடிச்சிட்டியேடா! ஆயிரத்து நூறு பவுண்டு!" ஆர்ச்சி மூச்சு வாங்கச் சிரிப்பாராம். அந்தச் சிரிப்புக்காகவே டூகல் விடிந்தால் எழுந்தார். ஒரே தொல்லை, மின்சாரம் போனால் ஆட்டம் மொத்தமும் அழிந்துவிடும். எங்கள் மீட்டர்களோ காசு போட்டால்தான் ஓடும். சாப்பாட்டைக் குறைத்து மீட்டருக்குப் போட்டார், பைத்தியக்கார மனுஷன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கிளம்பும்போது என் கையில் ஐம்பது பென்னிக் காசு ஒன்றை வைத்தார்.

"முள்ளு செவப்புக்கு வந்ததும் போட்டுடு, எல்ஸ்பெத். மறந்து தொலைச்சிடாத."

"என்னைய என்ன சின்னப்புள்ளன்னு நெனச்சியா? போய்யா."

நான் மறக்கவில்லை. கீழே ஐஸ்கிரீம் வண்டி மணியடித்தது. உதிரி சிகரெட்டும் அதில்தான் விற்பார்கள். என் பை காலி. மீட்டர் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும், அதற்குள் யாரிடமாவது வாங்கிப் போட்டுவிடலாம் என்று அவர் காசோடு இறங்கினேன். லிஃப்ட் வழக்கம்போல மக்கர். சிகரெட் வாங்கித் திரும்பும் வழியில் ஏழாவது மாடியில் காசு கைமாற்று வாங்கி, இரைக்க இரைக்க ஏறி வருவதற்குள் டூகல் வீட்டு டிவி இருண்டிருந்தது.

காசைப் போட்டு, கேசட்டை மறுபடி ஓடவிட்டேன். கீச்கீச்சென்று கத்தி முடித்து, எதிராளியின் பெயர் கேட்டு நின்றது.

டூகல் உள்ளே வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"கரண்டு போயிடுச்சு, டூகல். தப்பு என்னோடதுதான். உன் காச நான்..."

"விடு. நான் போனதும் கேட்டான், எவ்ளோ ஜெயிச்சிருக்கேன்னு. சொன்னேன். சிரிச்சான்." திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இனிமே கேக்க மாட்டான்."

புரிந்தது. புரிந்த அந்த நொடியில், தப்பித்தோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. சிகரெட்டுக்காகக்கூட என்னை மன்னித்துவிடுவேன். அந்த நிம்மதியை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.